இயாகோ எதற்காக அதைச் செய்தான்?

ஒத்தெல்லோவை முதுகலைப் பாடமாகப் படிக்கும் ஒருவர் கேட்டது இது: இயாகோ தன் வெறுப்புக்கு இடத்துக்கு ஒரு காரணம் சொல்கிறான். எதுவும் அவன் செய்து முடிக்கும் நாசத்துக்கு ஈடாக இல்லை. அப்படியானால் உண்மையான நோக்கம் எது? ஷேக்ஸ்பியர் சரியாக யோசிக்காமல் விட்டுவிட்டாரா? அந்தக் காலத்து மற்ற ஆங்கிலத் துன்பியல் நாடகங்களிலும் இப்படித்தானா?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தின் கதை ஒரு வரியில்: வெனிஸின் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவிடம் (மூர் என்பதும் அவனைத்தான்), உன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று அவனுடைய கொடிக்காரன் இயாகோ பொய்யாக நம்பவைக்கிறான், ஒத்தெல்லோ அவளைக் கொன்றுவிடுகிறான்.

ஷேக்ஸ்பியர் யோசிக்காமல் விடவில்லை என்பதற்குச் சாட்சி கையிலேயே இருக்கிறது. ஒத்தெல்லோவின் கதை அவர் கற்பனை செய்தது இல்லை. இத்தாலியர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் இருந்து எடுத்தது. அந்தக் கதையில் பெயர் உள்ளவள் டிஸ்டெமோனா (நாடகத்தின் டெஸ்டிமோனா) ஒருத்திதான். மற்றவர்கள் மூர் தளபதி, கொடிக்காரன், படைத்தலைவன் என்று பதவியால் மட்டும் அழைக்கப்படுகிறார்கள். கொடிக்காரனுக்கு டிஸ்டெமோனா மேல் ஆசை. அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படைத்தலைவன் மேல் அவளுக்கு விருப்பம், அதனால்தான் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று இவனாக முடிவு கட்டுகிறான். ஆசை பகையாகிறது. எனக்குக் கிடைக்காதவள் மூருக்கும் வேண்டாம் என்று திட்டம் போடுகிறான். இதில் புரியாதது ஒன்றுமே இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் இதை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள்.

இவ்வளவு தெளிவான காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? அதை ஓரமாகத் தள்ளினார். நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் இயாகோ, தானும் டெஸ்டிமோனாவை விரும்புவதாக ஒரே ஓர் இடத்தில் சொல்கிறான். சொன்ன கையோடு, அது முழுக்கக் காமம் இல்லை, பழிவாங்கும் பசிக்குத் தீனி என்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. மூலக்கதையின் அடித்தளமாக இருந்தது இங்கே போகிற போக்கில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. பகையின் திசையும் மாறிவிட்டது. சிந்தியோவில் கொடிக்காரன் பழிவாங்க நினைப்பது அவளை. இங்கே இயாகோ முதல் காட்சியிலிருந்தே வெறுப்பது ஒத்தெல்லோவை.

இப்போது அவன் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம்.

முதல் காட்சியில் ரோடரிகோவிடம் சொல்வது பதவி உயர்வு. நகரத்தின் பெரிய மனிதர்கள் மூவர் தனக்காகப் போய்க் கேட்டும், ஒத்தெல்லோ துணைத்தளபதிப் பதவியைக் காசியோவுக்குக் கொடுத்துவிட்டான். காசியோ ஃபுளோரன்ஸ்காரன், கணக்குப் போடத் தெரிந்தவன், போர்க்களத்தில் ஒரு படையைக்கூட நிறுத்திப் பார்க்காதவன். ரோட்ஸிலும் சைப்ரஸிலும் கூட நின்று சண்டை போட்ட தனக்குக் கொடிக்காரன் வேலை. இதெல்லாம் அவன் சொல்கிற கணக்கு. சிபாரிசுக்கும் சலுகைக்கும்தான் மரியாதை, பணிமூப்புக்கு இல்லை என்று புலம்புகிறான். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் குரல் பழக்கமானதுதான். நான் இந்த வலியை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காட்சியில் அவன் பேசுவது யாரிடம் என்பதையும் பாருங்கள். பணம் கறப்பதற்காகக் கூட வைத்திருக்கும் ஒரு முட்டாளிடம், தான் ஒத்தெல்லோவை உண்மையிலேயே வெறுப்பதாக நம்பவைக்க வேண்டிய கட்டாயத்தில் பேசுகிறான்.

முதல் அங்கத்தின் முடிவில் தனியாக நிற்கும்போது வேறு ஒன்று வருகிறது. மூரை வெறுக்கிறேன் என்று முதலில் சொல்கிறான். அப்புறம்தான், அவன் என் மனைவியோடு படுத்தான் என்று வெளியே பேச்சு இருக்கிறது என்கிறான். அது உண்மையா என்று தெரியாது, வெறும் சந்தேகம்தான், இருந்தாலும் நிச்சயம் என்று வைத்துக்கொண்டே நடப்பேன் என்று முடிக்கிறான். வரிசையைக் கவனியுங்கள். வெறுப்பு முன்னால் நிற்கிறது, காரணம் பின்னால் ஓடி வந்து சேர்கிறது. இரண்டாம் அங்கத்தில் காசியோ மேலும் அதே சந்தேகம். ஐந்தாம் அங்கத்தில், காசியோவைக் கொல்லக் காத்திருக்கும்போது, அவன் வாழ்க்கையில் தினமும் தெரியும் அழகு என்னை அசிங்கமாகக் காட்டுகிறது என்கிறான். என் கணக்கில் இயாகோ பேசிய வரிகளிலேயே ஆழமான இடத்திலிருந்து வந்தது இதுதான். அதையும் அவன் ஒரு நொடிதான் பிடித்து வைக்கிறான். உடனே, காசியோ உயிரோடு இருந்தால் மூர் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், எனக்கு ஆபத்து என்று காரியத்துக்குப் போய்விடுகிறான்.

பதவிதான் நோக்கம் என்றால் மூன்றாம் அங்கத்தோடு நாடகம் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெரிய காட்சியின் முடிவில் ஒத்தெல்லோ மண்டியிட்டுப் பழிவாங்கச் சத்தியம் செய்கிறான், இயாகோவும் கூட மண்டியிடுகிறான், எழுந்ததும் "இனி நீதான் என் துணைத்தளபதி" என்று ஒத்தெல்லோ சொல்கிறான். கேட்டது கிடைத்துவிட்டது. காசியோ ஏற்கெனவே வேலை இழந்தாயிற்று. டெஸ்டிமோனா இன்னும் உயிரோடு இருக்கிறாள். அந்த இடத்தில் இயாகோ ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் தணித்திருக்கலாம். அவன் சொல்வது, "நான் என்றென்றும் உங்களுடையவன்." திரும்ப அந்தப் பதவியைப் பற்றிய மகிழ்ச்சி அவன் வாயில் எங்குமே வரவில்லை. தேர்வில் எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் காட்சியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இந்த வரியைத் தவற விடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கேள்வியின் முழு அளவும் தெரியும்.

கவிஞர் கோல்ரிட்ஜ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதல் அங்கத்தின் அந்தத் தனிமொழியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நோக்கமே இல்லாத தீமை தனக்கு ஒரு நோக்கத்தைத் தேடி அலைகிறது என்பது அதன் சாரம். 200 வருடமாக எல்லோரும் இதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். தேடி அலைகிறது என்ற பாதி மிகச் சரி. நோக்கமே இல்லை என்ற பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இயாகோவின் மனைவி எமிலியா.

நான்காம் அங்கத்தில் டெஸ்டிமோனாவை ஒத்தெல்லோ வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போன பிறகு, யாரோ ஓர் அயோக்கியன் அவன் காதில் விஷம் ஊற்றியிருக்கிறான் என்று எமிலியா கொதிக்கிறாள். எதிரே நிற்கும் கணவனைப் பார்த்து, இந்த மாதிரி ஒருத்தன்தான் முன்பு உங்கள் புத்தியையும் திருப்பிப் போட்டு, மூரோடு சேர்த்து என்னைச் சந்தேகப்பட வைத்தான் என்கிறாள். சின்ன வரி. ஆனால் இது இயாகோவின் தனிமொழியை எமிலியா கேட்காமலேயே அதை உறுதிப்படுத்துகிறது. மனைவியைப் பற்றிய சந்தேகம் நாடகத்துக்காக அவன் அப்போது கட்டிய கதை இல்லை. அது இந்த வீட்டில் முன்பே இருந்திருக்கிறது. சண்டை நடந்திருக்கிறது, அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் இயாகோவுக்கு ஒத்தெல்லோவின் நோய் எப்படி வரும் என்பது சொந்த அனுபவத்தில் தெரியும். தன் உடம்பில் ஓடிய காய்ச்சலைத்தான் அவன் இன்னொருவனுக்கு ஏற்றுகிறான்.

இதே எமிலியா மூன்றாம் அங்கத்தில் இன்னொன்று சொல்கிறாள். நான் அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லையே என்று டெஸ்டிமோனா கலங்கும்போது, பொறாமைக்காரர்களுக்கு அந்தப் பதில் போதாது, அவர்கள் காரணத்துக்காகப் பொறாமைப்படுவதில்லை, பொறாமைக்காரர்களாக இருப்பதால் பொறாமைப்படுகிறார்கள், அது தன்னைத் தானே பெற்றுக்கொள்ளும் பூதம் என்கிறாள். அவள் ஒத்தெல்லோவைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆனால் இத்தனை உறுதியாக அவளால் பேச முடிவது இயாகோவோடு குடும்பம் நடத்தியதால். பின்னால் வந்த விமர்சகர்கள் பக்கம் பக்கமாகத் தேடியதை, டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை (இயாகோவின் பொய்ச் சாட்சி அதுதான்) அவனிடம் எடுத்துக் கொடுத்த அந்தப் பெண் போகிற போக்கில் சொல்லிவிட்டாள். அவள் அந்தக் கைக்குட்டையை ஏன் கொடுத்தாள் என்பதற்கும் பெரிய காரணம் இல்லை. அவனுடைய ஆசைக்காக, அவன் முகம் மலர வேண்டும் என்பதற்காக. அவ்வளவுதான்.

ஒத்தெல்லோவின் பக்கம் திரும்பினால் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. மூன்றாம் அங்கத்தில் இயாகோ செய்வது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. காசியோ விலகிப் போவதைப் பார்த்து, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்றால், ஒன்றுமில்லை என்கிறான். கேள்வி கேட்பது ஒத்தெல்லோ. இடைவெளிகளை நிரப்புவதும் அவனே. தனியே விடப்பட்டதும், நான் கறுப்பன், அரண்மனைக்காரர்களின் நயமான பேச்சு எனக்கு வராது, வயதும் சரிந்துவிட்டது என்று காரணங்களை அடுக்குகிறான். இயாகோ தன் தனிமொழியில் செய்த அதே வேலை இது! முதலில் புண் வருகிறது, பிறகு அதற்கான காரணங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. இருவரும் ஒரே மாதிரி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி அங்கத்தில் தூங்கும் மனைவியின் முன் விளக்கோடு வந்து நிற்கும்போது ஒத்தெல்லோ, "இதுதான் காரணம், இதுதான் காரணம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அது எது என்று மட்டும் சொல்வதில்லை. கற்புள்ள நட்சத்திரங்களே, உங்கள் முன் அதன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறான். கொலை செய்யப் போகிறவனாலேயே காரணத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

எல்லாம் வெளிப்பட்ட பிறகு நீங்கள் கேட்கும் கேள்வியை ஒத்தெல்லோவே கேட்கிறான்: அந்த அரைப் பேயிடம் கேளுங்கள், ஏன் என் உயிரையும் உடலையும் இப்படி வலையில் வீழ்த்தினான் என்று. இயாகோ சொல்லும் கடைசி வார்த்தைகள், "என்னிடம் எதையும் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பிரார்த்தனைக்குக்கூடவா வாய் திறக்க மாட்டாய் என்று ஒருவர் கேட்கிறார். சித்திரவதை உன் வாயைத் திறக்கும் என்கிறார் இன்னொருவர். திறப்பதைக் காட்டாமல் நாடகம் முடிந்துவிடுகிறது. சிந்தியோவின் கதையில் கொடிக்காரன் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டு, சித்திரவதையில் உடல் நைந்து சாகிறான், கணக்கு நேராகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் அந்த முடிவையும் எடுத்துவிட்டார். இயாகோ கடைசி வரை உயிரோடு, வாயை மூடிக்கொண்டு மேடையில் நிற்கிறான்.

இந்த நாடகத்தில் ஒத்தெல்லோவைவிட இயாகோவுக்குத்தான் வசனம் அதிகம். இவ்வளவு பேசுகிறவன் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மௌனமாகிறான் என்றால், அது நாடகாசிரியரின் முடிவு. அதை மறதி என்று சொல்ல வழியே இல்லை.

இயாகோ மேடைக்கு எங்கிருந்து வந்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு முந்தைய தலைமுறையின் ஒழுக்க நாடகங்களில் தீமை என்றே பெயருள்ள ஒரு பாத்திரம் உண்டு. மனிதனைக் கெடுப்பதுதான் அவன் வேலை. பார்வையாளர்களைப் பார்த்துச் சிரிப்பான், தன் திட்டத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்வான், அது பலித்ததும் பெருமை அடித்துக்கொள்வான். அவனிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஷேக்ஸ்பியரின் இன்னொரு வில்லனான மூன்றாம் ரிச்சர்ட் தன்னையே அந்தப் பாத்திரத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். இயாகோவின் தனிமொழிகளில் அந்த நடை அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது, 28 வயது, மனைவி, போர் அனுபவம், கிடைக்காத பதவி. பழைய பொம்மைக்குள் ஒரு மனிதனை வைத்துவிட்டார்கள். மனிதன் வந்ததும் ஏன் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

லண்டன் குளோப் அரங்கில் நாடகம் பிற்பகல் வெளிச்சத்தில் நடந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மேடை கூட்டத்துக்கு நடுவே நீண்டிருந்தது. ஒரு பென்னி கொடுத்து நின்று பார்ப்பவர்களின் முகம் நடிகருக்கும் தெரியும். தனிமொழி என்பது அங்கே தனக்குள் பேசுவது இல்லை, எதிரே நிற்பவர்களிடம் பேசுவது. அப்படியென்றால் இயாகோ காரணங்களைத் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. நம்மை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறான். பேரம் பேசுபவன் ஒரு விலை எடுபடவில்லை என்றால் இன்னொன்று சொல்வான் அல்லவா, அதுபோல ஒவ்வொரு தனிமொழியிலும் வேறு காரணத்தை நீட்டுகிறான். காரணங்கள் முரண்படுவதற்கு இதுவும் ஒரு விளக்கம். எனக்கு இது திருப்தியாக இருக்கிறது.

இந்த வேலையை ஷேக்ஸ்பியர் ஒத்தெல்லோவில் மட்டும் செய்யவில்லை. அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் கிரீன்பிளாட் ஹாம்லெட், ஒத்தெல்லோ, லியர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து இதை அழகாக எடுத்துக்காட்டியிருக்கிறார்: மூலத்தில் இருந்த காரணத்தை அகற்றியதும் நாடகம் ஆழமாகிறது.

லியரைப் பாருங்கள். 1605இல் அச்சான, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய லியர் நாடகம் ஒன்று இருக்கிறது. அதில் அரசன் மகள்களிடம் யாருக்கு என் மேல் அன்பு அதிகம் என்று கேட்பதற்கு ஒரு தந்திரம் காரணம். கடைசி மகள் காதலித்தவரைத்தான் மணப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் வாயால் அதிக அன்பு என்று சொல்ல வைத்து, அப்படியானால் நான் சொல்லும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள் என்று மடக்கப் பார்க்கிறான். ஷேக்ஸ்பியரின் லியரில் அந்தத் தந்திரம் கிடையாது. மேலும், நாடகம் தொடங்கும்போதே பிரபுக்கள் கென்ட்டும் க்ளௌஸ்டரும் நாட்டுப் பங்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. போட்டிக்கே அவசியம் இல்லாதபோது லியர் போட்டி வைக்கிறான். ஏன்? வயோதிகமா, ஆணவமா, மகள்களை விட்டுப் பிரியும் பயமா? நடிக்கும் ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாடகம் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

ஹாம்லெட் விஷயம் சுருக்கமானது. பழைய டேனிஷ் கதையில் சித்தப்பா செய்த கொலை ஊருக்கே தெரியும். சிறுவனான அம்லெத் உயிர் பிழைப்பதற்காகப் பைத்தியமாக நடிக்கிறான். ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம், ஆவி வந்து சொன்னால்தான் தெரியும், ஹாம்லெட் வளர்ந்தவன். அவன் பைத்தியமாக நடிப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுமில்லை. சும்மா இருந்த ராஜாவின் சந்தேகத்தை அதுதான் கிளப்பிவிடுகிறது.

இந்தப் பட்டியலில் நான் மாக்பெத்தையும் சேர்ப்பேன். ஷேக்ஸ்பியர் படித்த ஹாலின்ஷெட் வரலாற்றில் மாக்பெத்துக்கு நியாயமான மனக்குறை ஒன்று இருக்கிறது. அரசனின் வாரிசு சிறுவனாக இருந்தால் அடுத்த நெருங்கிய உறவினருக்குப் பட்டம் என்பது பழைய வழக்கம். டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்ததும் அந்த வாய்ப்பு பறிபோகிறது. டங்கன் மென்மையான, நாட்டை அடக்கி ஆளத் தெரியாத அரசன். கொலையில் சக தளபதி பாங்க்வோவுக்கும் பங்கு உண்டு. பட்டத்துக்கு வந்த மாக்பெத் முதல் 10 வருடம் நன்றாகவே ஆண்டான். இவற்றில் பெரும்பாலானவற்றை ஷேக்ஸ்பியர் துடைத்துவிட்டார். பாங்க்வோ நல்லவனானதற்கு அரசியல் காரணம் உண்டு. அப்போது ஆண்ட முதலாம் ஜேம்ஸ் அவனுடைய வம்சம் என்று நம்பப்பட்டது. ஆனால் மற்றவை? நாடகத்தின் டங்கன் சாதுவான, எல்லோரும் நேசிக்கும் கிழவர். அவர் மாக்பெத்தின் வீட்டில் விருந்தாளி. மாக்பெத் வாயாலேயே, என்னை முடுக்கிவிடும் முள் எதுவும் இல்லை, எகிறிக் குதித்து மறுபக்கம் விழும் பேராசை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல வைக்கிறார். கொல்லக்கூடாது என்பதற்கான காரணங்களை இவ்வளவு அழகாக அடுக்கிவிட்டுக் கொலைக்குப் போகிறவன் இன்னொருவனை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை.

ஷேக்ஸ்பியருக்கு வெளியே போனால், நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது மிடில்டனும் ரௌலியும் சேர்ந்து 1622இல் எழுதிய சேஞ்ச்லிங் நாடகம். நோக்கத்தைப் பற்றி ஆங்கில மேடையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த காட்சி அதில் இருக்கிறது, மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. ஒத்தெல்லோவையும் மாக்பெத்தையும்விட இந்த விஷயத்தில் அது கூர்மை என்று தயங்காமல் சொல்வேன்.

ஸ்பெயினின் அலிகான்தே கோட்டைத் தலைவரின் மகள் பியாட்ரிஸ் ஜோவன்னா. அலோன்சோ என்பவனுக்கு அவளை நிச்சயித்திருக்கிறார்கள். அவள் மனம் அல்செமெரோ மேல் போய்விட்டது. அப்பாவிடம் வேலை செய்யும் டி ஃப்ளோரெஸ் அவலட்சணமானவன், அவள் பின்னாலேயே அலைபவன். அவனைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசும். அந்த அருவருப்பையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவனிடம் இனிமையாகப் பேசி அலோன்சோவைக் கொல்லச் சொல்கிறாள். அவள் மனதில் கணக்கு சுத்தமாக இருக்கிறது: கொலை அவன் கையில், பணம் அவனுக்கு, அவன் நாட்டை விட்டு ஓடிவிடுவான், தனக்கு அல்செமெரோ.

டி ஃப்ளோரெஸ் திரும்பி வருகிறான், மோதிரத்தோடு சேர்ந்த வெட்டிய விரலை எடுத்துக் காட்டுகிறான். மோதிரம் கழன்று வரவில்லை, அதனால் விரலோடு கொண்டு வந்திருக்கிறான். அவள் அதிர்கிறாள். மனிதனைக் கொல்லச் சொன்னவளுக்கு விரல் ஒன்று தாங்கவில்லை. 3,000 பொன் ஃப்ளோரின் தருகிறேன் என்கிறாள். அவன் அவமானப்பட்டவனாகக் கோபப்படுகிறான். இரட்டிப்பாகத் தருகிறேன் என்கிறாள். அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை! பார்வையாளர்கள் எல்லோருக்கும் எப்போதோ புரிந்துவிட்டது. கடைசியில் அவன் வெளிப்படையாகச் சொன்னதும், இவ்வளவு கொடியவனாக நீ இருக்க முடியாது, அவன் சாவை என் மானத்துக்கு எமனாக்குவாயா என்று கேட்கிறாள். கொலையை ஏவிய வாய் இது. ரத்தத்தில் தோய்ந்த பெண் மானத்தைப் பற்றிப் பேசுகிறாளா என்கிறான் அவன். உன் பிறப்பு எங்கே என் பிறப்பு எங்கே என்று அவள் குலத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பிறப்பிடம் ஓடாதே, இந்தச் செயல் உன்னை எதுவாக ஆக்கியதோ அதில் நில், நீ இனி இந்தச் செயலின் பிள்ளை என்கிறான்.

என் பதில் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. நோக்கம் என்பது முதலிலேயே முழுசாகத் தயாராகி, பிறகு செயலை அனுப்பி வைக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த நாடகாசிரியர்கள் பார்த்தது வேறு. அரைகுறையான ஆசை ஒன்று, கிடைத்த சந்தர்ப்பம் ஒன்று, செயல் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தச் செயலுக்கு ஏற்ற மனிதராக மாற வேண்டியிருக்கிறது. நோக்கமும் அந்த மனிதருக்கு ஏற்ப மாறிக்கொண்டே போகிறது. ஐந்தாம் அங்கத்தில் பியாட்ரிஸ், தன் மானத்தை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுவதால் டி ஃப்ளோரெஸை இப்போது நேசிக்க வேண்டியதாகிவிட்டது என்கிறாள். அல்செமெரோவுக்காகத் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. பதவியில் தொடங்கிய இயாகோ கடைசி அங்கத்தில் மாட்டிக்கொள்ளும் பயத்தில் கொல்கிறான். மாக்பெத், ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒன்றுதான் என்கிறான். மூவரும் ஒரே பாதையில் போகிறார்கள்.

இங்கேயும் மூலக்கதையை மாற்றியிருக்கிறார்கள். ரெனால்ட்ஸ் 1621இல் வெளியிட்ட கதையில் டி ஃப்ளோரெஸ் அழகான இளம் படைவீரன். அவளுக்கு அவன் மேல் அருவருப்பு எதுவும் இல்லை. அந்த அருவருப்பும் அவன் முகமும் மேடைக்காரர்கள் கொடுத்தவை.

வெப்ஸ்டரின் மால்ஃபி கோமகள் நாடகத்தில் நிலைமை வேறு மாதிரி. விதவையான கோமகள் தன் வீட்டுக் காரியஸ்தன் அந்தோனியோவை ரகசியமாக மணக்கிறாள். இரட்டைச் சகோதரன் ஃபெர்டினாண்ட் அவளைச் சித்திரவதை செய்து கழுத்தை நெரித்துக் கொல்ல வைக்கிறான். பிணத்தைப் பார்த்ததும், முகத்தை மூடுங்கள், என் கண் கூசுகிறது, சின்ன வயதில் செத்துவிட்டாள் என்கிறான். அதன் பிறகு, அவள் விதவையாகவே இருந்து இறந்திருந்தால் பெரும் சொத்து எனக்கு வந்திருக்கும், அதுதான் முக்கியக் காரணம் என்கிறான். ஆனால் மூன்றாம் அங்கத்தில் அவனே, முதல் கணவன் மூலம் அவளுக்குப் பிறந்த மகன், மால்ஃபியின் இளம் கோமகன் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறான். வாரிசு இருக்கும்போது சொத்து எப்படி இவனுக்கு வரும்? பல பதிப்பாளர்கள் இதை வெப்ஸ்டரின் கவனப்பிசகு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இருக்கலாம். மேடையில் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. சகோதரியின் உடம்பைப் பற்றி அவன் முன்பு பேசிய பேச்சுகளைக் கேட்ட எவருக்கும், சொத்து என்பது அவன் பிடித்துக்கொள்ளும் கௌரவமான பொய் என்று புரியும். அடுத்த அங்கத்தில் அவன் தன்னை ஓநாய் என்று நம்பி இரவில் கல்லறைகளைத் தோண்டுகிறான்.

அவனுக்கு வேலை செய்த போசோலாவின் நோக்கம் அப்பட்டமானது: கூலி, பதவி. கொலை முடிந்ததும் கூலி மறுக்கப்படுகிறது. மனம் மாறி அந்தோனியோவைக் காப்பாற்றக் கிளம்புகிறான், இருட்டில் தவறுதலாக அவனையே குத்திவிடுகிறான். அந்தோனியோ எப்படி இறந்தான் என்று கேட்டால், "மூடுபனியில், எப்படி என்று எனக்கே தெரியவில்லை" என்கிறான். நல்ல நோக்கம் வந்த பிறகும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

எல்லா நாடகமும் இப்படியா என்றால், இல்லை. 1592இல் அச்சான ஃபேவர்ஷாம் ஆர்டன் நாடகம் 1551இல் உண்மையில் நடந்த ஒரு கொலையைப் பற்றியது. மனைவிக்குக் கள்ளக்காதலன், ஊரில் சிலருக்கு ஆர்டன் பறித்துக்கொண்ட நிலத்தின் மேல் வயிற்றெரிச்சல். யார் ஏன் கொல்ல வருகிறார்கள் என்பதில் குழப்பமே இல்லை. தாமஸ் கிட் எழுதிய ஸ்பானிஷ் துன்பியல் நாடகத்திலும் மகனைப் பறிகொடுத்த தந்தை பழிவாங்குகிறான். காரணம் மேடையிலேயே பிணமாகத் தொங்குகிறது. இவை தாழ்ந்த நாடகங்கள் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி இவற்றில் எழாது, அவ்வளவுதான்.

விமர்சனத்தில் இரண்டு முகாம் உண்டு. விமர்சகர் பிராட்லி 1904இல் வெளியிட்ட விரிவுரைகளில் பாத்திரங்களை வாழ்ந்த மனிதர்களாக வைத்து அலசினார். இயாகோவைத் தன் மேன்மையை உணரத் துடிக்கும் ஒருவனாக, மனிதர்களை வைத்துக் கலை செய்பவனாகக் கண்டார். இன்னொரு விமர்சகர் நைட்ஸ் 1933இல் இந்த முறையையே கேலி செய்து, பாத்திரம் என்பது கவிதை வரிகளில் மட்டும் இருப்பது என்றார். படிப்பவர்களுக்கு நைட்ஸ் பயன்படலாம். நடிப்பவர்களுக்குப் பிராட்லி இல்லாமல் முடியாது, ஏனென்றால் ஒரு காரணத்தை உள்ளே வைத்துக்கொள்ளாமல் மேடையில் நிற்க முடியாது. 1938இல் நடிகர் ஒலிவியர், ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் சொன்னதைக் கேட்டு, தன்னை அறியாமல் ஒத்தெல்லோவை நேசிப்பவனாக இயாகோவை நடித்தார். 1989இல் இயன் மெக்கெல்லன் படைமுகாம் ஒழுங்கு எலும்பு வரை ஊறிய சிப்பாயாக நடித்தார். 2015இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் லூசியன் எம்சமாத்தி என்ற கறுப்பின நடிகர் இயாகோவாக வந்தபோது, "மூரை வெறுக்கிறேன்" என்ற வரியின் பொருளே வேறாகிவிட்டது. அத்தனைக்கும் வசனம் இடம் கொடுக்கிறது.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. இயாகோவின் நோக்கம் இதுதான் என்று நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். அவன் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் மூன்று விவரங்களைக் குறியுங்கள்: யாரிடம் சொல்கிறான், வேறு யாராவது அதை உறுதிப்படுத்துகிறார்களா, அந்தக் குறை தீர்ந்த பிறகு அவன் என்ன செய்கிறான். பதவிக்கு மூன்றாவது விவரம் முக்கியம், மனைவி மேல் சந்தேகத்துக்கு இரண்டாவது. இதை முடித்த பிறகு சேஞ்ச்லிங் காட்சியைப் படித்துவிட்டு முதல் அங்கத்தின் கடைசித் தனிமொழிக்குத் திரும்புங்கள். அதற்கு முன் கோல்ரிட்ஜைத் திறக்க வேண்டாம்; அவருடைய அந்த ஒரு சொற்றொடர் தலைக்குள் புகுந்துவிட்டால் எமிலியா பேசுவது காதில் விழாது.